சந்தேகப் பொத்தான்

தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் மாறாதது என்று எதுவும் கிடையாது. முதலாளி மாறினார். மேனேஜர்கள் சட்டை மாற்றுவதுபோல் மாறினார்கள். கூரை மாறியது, சுவரின் நிறம் மாறியது, பம்பு சுற்றும் திசைகூட ஒருமுறை மாறிவிட்டதாகவும், அந்த வருஷம் விற்ற பம்புகளெல்லாம் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பி அனுப்பியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அத்தனைக்கும் நடுவில் அசையாமல் நின்றது டெஸ்பாட்ச் அக்காவின் ஈமெயில் முகவரி ஒன்றுதான். கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது கொடுத்தது.

புது சிஸ்டம் வருகிறது, எல்லோருடைய முகவரியும் மாறும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்பாட்ச் அக்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. பம்புகளைப் பெட்டியில் போட்டு லாரி ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அவள் குரல் கேட்டால் டிரைவர் ஏறாமலே லாரி ரிவர்ஸ் எடுக்கும். அவள் ஒருமுறை தும்மியதில் லோடு ஏற்றும் பெல்ட் நின்றுபோய், அதைத் திரும்ப ஓட வைக்க வெளியூரிலிருந்து எஞ்சினியர் வந்தார். அப்பேர்ப்பட்டவள் ஒரு முகவரிக்காக சுவரைப் பிடித்தாள் என்றால் காரணம் இருக்கிறது. அவளுடைய மகன் எழுதுவதாக இருந்தால் அந்த முகவரிக்குத்தான் எழுத முடியும்.

ஒரே மகன். செத்துப்போன கம்ப்யூட்டர்களைத் திறந்து, உயிர் கொடுத்து, அதை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடுவான். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் பாதிப் பேர் வேறு ஏதோ வீடியோவைத் தேடிப் போகும் வழியில் தடுக்கி விழுந்தவர்கள். நல்ல வேலையை விட்டுவிட்டு இதைச் செய்கிறானே என்று அவன் அப்பாவுக்கு ஆத்திரம்.

அந்த அப்பா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஒரே வேலை, போனில் வரும் எச்சரிக்கை வீடியோக்களைப் பார்ப்பது. 'உங்கள் போன் உங்களை ஒட்டுக் கேட்கிறது', 'உங்கள் டிவிக்குக் கண் இருக்கிறது, தெரியுமா?' என்று கறுப்புக் கண்ணாடி போட்ட யாராவது பயமுறுத்தினால் அவருக்கு அன்றைக்குப் பசியே எடுக்காது. டிவியின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினார். மிக்ஸிக்கு மேல் கம்பளி போர்த்தினார். வீட்டு இன்டர்நெட்டின் பாஸ்வேர்டை தினமும் குளித்துவிட்டு வந்து, துண்டோடு உட்கார்ந்து மாற்றினார். மாற்றிய பாஸ்வேர்டை மனைவி காதிலும் மகன் காதிலும் தனித்தனியாகச் சொல்வார். காற்றுக்குக்கூடக் கேட்காது.

ஒரு நாள் மகன் காதில் மட்டும் சொல்லவில்லை.

"சம்பாதிச்சுக் கொண்டா, பாஸ்வேர்டு தர்றேன்" என்றார்.

"அப்பா, பாஸ்வேர்டு இருந்தாத்தான் சம்பாதிக்க முடியும்."

"அப்ப உனக்கு இந்த வீட்டுல பாஸ்வேர்டு கிடையாது."

வீட்டில் இடம் கிடையாது, சோறு கிடையாது என்று சொல்லும் அப்பன்களை உலகம் பார்த்திருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது என்று மகனை வெளியே அனுப்பிய முதல் அப்பன் இவராகத்தான் இருக்கும். மகன் ஒரு பையில் ஸ்க்ரூ டிரைவர்களையும் இன்னொரு பையில் துணியையும் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவன் வீடியோ எதுவும் வரவில்லை. இருந்த வீடியோக்களும் காணாமல் போயின. வீட்டுக்காரரோ, போன் நம்பரையே திருடுகிறார்கள் என்று இன்னொரு வீடியோ பார்த்துவிட்டு, தன் நம்பரையும் மனைவியின் நம்பரையும் மாற்றிவிட்டார். மகனுக்குத் தெரிந்த நம்பர் எதுவும் இப்போது உயிரோடு இல்லை. மகனின் நம்பரோ எப்போது கூப்பிட்டாலும் 'உபயோகத்தில் இல்லை' என்றது.

மிச்சம் இருந்தது ஆபீஸ் முகவரி. படிக்கிற காலத்தில் வீட்டுப்பாடத்தை பிரிண்ட் எடுக்கச் சொல்லி அந்த முகவரிக்குத்தான் அனுப்புவான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு புள்ளி பிசகாமல் சொல்வான். என்றைக்காவது கோபம் ஆறினால் அதற்குத்தான் எழுதுவான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் மெயில் பெட்டியைத் திறப்பாள். லாரி லாரியாகக் கடிதம் இருக்கும். அவன் இருக்க மாட்டான்.

இப்போது அந்த ஒரு கதவையும் பெயர்த்து எடுக்கப் போகிறார்கள். அக்கா நேராகப் பூட்டுத் தம்பியிடம் போனாள்.

பூட்டுத் தம்பி என்பது அவனுக்குக் கம்பெனி வைத்த பட்டம். கம்ப்யூட்டர்களுக்குக் காவல் போட வந்திருக்கும் அதிகாரி. தாடியைக்கூட யாரும் உள்ளே நுழைய முடியாதபடி நெருக்கமாக வளர்த்திருந்தான். நல்ல பையன். அதுதான் சங்கடமே.

"தம்பி, என் ஒருத்தி முகவரியை மட்டும் மாத்தாம விட்டுடு."

"அது முடியாதுக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி வரணும்."

"எனக்காகப் பண்ணு தம்பி."

"ஏன்க்கா, அதுல அப்படி என்ன இருக்கு? ராசியா?"

அக்கா இந்தக் கதையைக் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து மேசைக்காரி கேட்டால் மகன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்பாள். அன்றைக்குச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வீடியோ, சண்டை, அவன் கிளம்பிப் போனது எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்வேர்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. வெளியில் சொல்லக்கூடிய சண்டையா அது?

பூட்டுத் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா, கவலைப்படாதீங்க. பழைய முகவரிக்கு வர்றது எல்லாம் புதுசுக்கும் வர்ற மாதிரி பண்ணிடறேன். யாருக்கும் சொல்லாதீங்க, அப்புறம் எல்லாரும் வந்து நிப்பாங்க."

"நீ நல்லா இருப்பே தம்பி" என்றாள் அக்கா. அவனும் சொன்னபடியே செய்தான்.

புது சிஸ்டத்தோடு புது வழக்கம் ஒன்றும் வந்தது. அதற்குப் பெயர் பொறி. வெளியில் இருக்கும் திருடர்கள் ஆசை காட்டி மெயில் அனுப்பி ஆபீசுக்குள் நுழைகிறார்களாம். ஆகவே பூட்டுத் தம்பியே திருடன் மாதிரி மெயில் அனுப்புவான். அதில் இருக்கும் இணைப்பைத் தட்டியவர்கள் மாட்டினார்கள். தட்டாமல், மேலே சிவப்பாக இருக்கும் 'சந்தேகம்' என்ற பொத்தானை அழுத்தியவர்களுக்கு நட்சத்திரம். மாட்டியவர்களின் படம், எலிக் காதும் வாலும் ஒட்டப்பட்டு, சாப்பாட்டுக் கூடத்து டிவியில் ஒரு வாரம் ஓடும். 'இந்த வாரத்து எலி' என்று தலைப்பு. இதற்குப் பின்னணி இசை வேறு.

பூட்டுத் தம்பி பொறி வைப்பதில் கலைஞன். எல்லோருக்கும் ஒரே மசால்வடை வைக்க மாட்டான். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் ஸ்டோர் கீப்பருக்கு மாப்பிள்ளை வந்தது. தலைமுடி கொட்டும் பர்ச்சேஸ் ஆபீசருக்கு எண்ணெய் வந்தது. அவர் தட்டிய வேகத்தில் மவுஸ் இரண்டாகப் போயிற்று. வாட்ச்மேனுக்குக் கம்ப்யூட்டரே கிடையாது, அவருக்கு அடுத்தவர் கம்ப்யூட்டரில் பொறி வைத்து அவரையும் பிடித்தான் என்பார்கள்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், எந்தப் பரிசும் வேண்டாம். "என்னை எதை வச்சுடா பிடிப்பே?" என்று அவனிடமே கேட்டாள். அவன் தாடியைத் தடவிக்கொண்டான்.

ஒரு காலை, கைப்பை தோளில் தொங்க, பெட்டியைத் திறந்தாள். லாரிக் கடிதங்களுக்கு மேலே ஒன்று. 'அம்மா, நான்தான். எப்படி இருக்கீங்க? என் புது வீடியோவை முதல்ல நீங்கதான் பார்க்கணும். இங்கே தட்டுங்க.'

அவள் தட்டினாளா, தட்டுவதற்கு முன்பே அது திறந்துகொண்டதா என்று சொல்ல முடியாது. அந்த சிஸ்டத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமாக யாரும் தட்டியதில்லை என்று பிற்பாடு பூட்டுத் தம்பியே பெருமையாகச் சொன்னான். திரை முழுக்க ஒரு பொம்மை எலி வந்து பொறியில் தலையைக் கொடுத்து, நாக்கைத் தள்ளி, 'மாட்டிக்கிட்டீங்களே!' என்று கைகொட்டியது. பொறியில் சிக்கிய எலி எப்படிக் கைகொட்டும் என்று கேட்கக் கூடாது. வீடியோக்காரர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அக்கா அந்த எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் எங்காவது மகன் இருப்பான், எலி நகர்ந்ததும் வருவான் என்பதுபோல.

எலி நகர்ந்ததும் பூட்டுத் தம்பி வந்தான். மாட்டியவர்கள் எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டிய பாட வீடியோ. நிறுத்த முடியாது, வேகமாக ஓட்ட முடியாது, சத்தத்தைக் குறைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு கன்றுக்குட்டி மாடாகிவிடும். "மோசடிக்காரன் உங்கள் கதவைத் தட்டுவதில்லை" என்றான் வீடியோவில் பூட்டுத் தம்பி, புருவத்தை உயர்த்தி. "உங்கள் ஆசையைத் தட்டுகிறான்."

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அக்காவுக்கு நீளமான காது முளைத்திருந்தது. வாலை யாரோ ரசித்து வளைத்து விட்டிருந்தார்கள்.

"அக்கா, பொறியில வச்ச வடை ருசியா இருந்துச்சா?" என்றார் ஸ்டோர் கீப்பர். போன வாரம் அவருக்கு முளைத்த காது உதிர்ந்த சந்தோஷம் அவருக்கு.

"உங்க மாப்பிள்ளை கொண்டுவந்து குடுத்தாரு, அதான் தின்னுட்டேன்" என்றாள் அக்கா. கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு பூட்டுத் தம்பியின் அறைக்குப் போனாள்.

அவன் எழுந்து நின்றான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில இருக்கறவன் இதைவிட மோசமா பண்ணுவான். உங்களை உஷார் பண்ணத்தான் செஞ்சேன்."

"வெளியில இருக்கறவனுக்கு நான் சொல்லலியே தம்பி."

பயிற்சிப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது.

வீட்டில் அவள் எலியான சங்கதி மட்டும் சொன்னாள். எதைக் காட்டிப் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாத்தியா? பாத்தியா? நான் சொன்னா கிறுக்குன்னே. இப்ப ஆபீஸ்லயே சொல்றான். எவனையும் நம்பாதே. பெத்த புள்ளை பேர்ல வந்தாலும் நம்பாதே."

அவர் தெரியாமல்தான் சொன்னார். அக்கா தட்டைக் கழுவப் போனாள்.

அன்றிலிருந்து டெஸ்பாட்ச் அக்கா வேறு ஆள். வருவதையெல்லாம் சந்தேகித்தாள். லாரிக்காரன் 'லாரி வந்துவிட்டது' என்று எழுதினால் பொத்தான். லாரி வெளியே ஹாரன் அடித்தாலும் பொத்தான். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய முதலாளிக்குப் பொத்தான், அவர் ஒரு நாள் முழுக்கத் தன் கம்பெனிக்கே மெயில் அனுப்ப முடியாமல் தவித்தார். அவளே அவளுக்கு அனுப்பிக்கொண்ட நினைவூட்டலுக்கும் பொத்தான். பம்புகள் கோடவுனில் கூரை முட்ட ஏறின. கேட்டுக்கு வெளியே நின்ற லாரிகளின் வரிசை அடுத்த ஊருக்குப் போய், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பியது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் அவள் பெயருக்கு எதிரே நட்சத்திரங்கள் இடமில்லாமல் கீழே கொட்டின. பூட்டுத் தம்பி எத்தனையோ வேஷத்தில் வந்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவன் அறை வாசலில் நின்று, "அடுத்து யாரு பேர்ல வர்றே? செத்துப்போன எங்கப்பன் பேர்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் பெட்டியைத் திறக்கும்போது இப்போதெல்லாம் கைப்பையை நிதானமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் திறந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் அது வந்தது. தெரியாத முகவரி. 'அம்மா, நான்தான்.' கீழே ஏதோ நாலைந்து வரி, அதற்கும் கீழே ஒரு வீடியோ இணைப்பு.

முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுட்டது. அதே அம்மா. அதே நான்தான். எலிக்கு வைத்த வடையை அலம்பித் திரும்ப வைத்திருக்கிறான். கீழே இருந்த வரிகளை அவள் படிக்கவில்லை. படித்தால் நம்பிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும், படிக்கக் கூடாது என்றுதான் பாடமும் சொன்னது. ஒரு விரலால், கரப்பான்பூச்சியை நசுக்குவதுபோல், பொத்தானை அழுத்தினாள். பாடம் சொல்லித் தந்தபடி மெயில் காற்றில் கரைந்தது. 'நன்றி! நீங்கள் கம்பெனியைக் காப்பாற்றினீர்கள்' என்று திரை வாழ்த்தியது.

"ஒருத்தியை ரெண்டு தடவை ஏமாத்த முடியாதுடா தம்பி" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். நல்ல சத்தமாகவே சொன்னாள். பக்கத்து மேசைக்காரி கைதட்டினாள்.

வருஷக் கடைசியில் பரிசு கொடுக்கும் கூட்டம் வந்தது. டெஸ்பாட்ச் பிரிவுக்குத்தான் கோப்பை என்பது ஊரறிந்த விஷயம். முதலாளி தன் கையால் கொடுத்தார், அதே பொத்தானில் தான் பட்ட பாட்டை மறந்து. கோப்பை பம்பு வடிவத்தில் இருந்தது, பம்பைவிடக் கனமாக இருந்தது. அக்கா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடை ஓரமாக நின்றாள். பூட்டுத் தம்பி பெரிய திரையின் முன்னால் வந்தான்.

"இது வரைக்கும் நான் வச்ச பொறியைத்தான் பாத்தீங்க. அக்கா பிடிச்சதுல ஒண்ணு நான் வச்சது இல்லை. நிஜமா வெளியிலேருந்து வந்த ஆசாமி. நான் அதே மாதிரி அனுப்பினது எப்படியோ தெரிஞ்சிருக்கு பாருங்க, அதே ரூட்ல வந்திருக்கான். இதுதான் இந்த வருஷத்தோட சிறந்த மோசடி!"

கைதட்டல். திரையில் அந்த மெயில் வந்தது. அனுப்பியவரின் முகவரியில் பாதிக்குக் கறுப்படித்திருந்தான். பூட்டுத் தம்பி ஒரு குச்சியால் வரி வரியாகத் தொட்டு, பல்லை இளித்து, மோசடிக்காரன் குரல் என்று அவன் நினைத்த ஒரு குரலில் படித்தான்.

"'அம்மா, நான்தான். எழுத வராது உனக்குத் தெரியும்.' பாத்தீங்களா, தப்பு கண்டுபிடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே ஒரு சாக்கு. 'பேசி ஒரு வீடியோ எடுத்திருக்கேன், நீ மட்டும் பாரு.' தனியா பாக்கச் சொல்றான், கவனிங்க. அடுத்ததுதான் கிளைமாக்ஸ். 'அப்பா இன்னும் குளிச்சுட்டு வந்து பாஸ்வேர்டு மாத்தறாரா?' பாஸ்வேர்டு! வந்துட்டான் பாருங்க விஷயத்துக்கு! நேராக் கேட்டாத் தப்பா நெனப்பாங்கன்னு குசலம் விசாரிக்கிற மாதிரி கேக்கறான். குளிக்கறதைக்கூட விட்டு வைக்கலை!"

கூடம் அதிர்ந்தது. ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கப்பா குளிக்கறதே இல்லை, என்கிட்ட இவன் பாச்சா பலிக்காது!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அக்கா மட்டும் கோப்பையைத் தரையில் வைத்தாள். அவ்வளவு சிரிப்பிலும் அது தரையில் பட்ட சத்தம் கேட்டது. துண்டோடு உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அதை வெளியில் போய்ச் சொல்லக்கூடியவனும் ஒருவன்தான். பூட்டுத் தம்பியிடம்கூட அவள் சொல்லாத ஒன்று அது.

கூட்டம் கலைவதற்குள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். நிஜமாகவே சட்டையை. பட்டன் ஒன்று தெறித்து ஓடியது.

"அதைத் திருப்பி எடுறா."

"எதைக்கா?"

"அது என் பையன்டா."

பூட்டுத் தம்பி முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். அறைக்குள் ஓடினான், அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் கீபோர்டை அடித்த அடியில் எழுத்துகள் கழன்று விழாதது ஆச்சரியம்.

"அக்கா, நீங்களே அழுத்தினதால மோசடின்னே நெனச்சுட்டேன். மெயிலை சிஸ்டம் அழிச்சுடுச்சு. ஸ்லைடுக்காக நான் எடுத்து வச்சதுதான் இருக்கு."

"வீடியோ?"

அவன் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்து தேடினான்.

"வீடியோ எங்கேடா?"

"அது ஒரு தடவை மட்டும் திறக்கற மாதிரி அனுப்பியிருக்காருக்கா. ஒருத்தர் பாத்ததும் தானா அழிஞ்சுடும்."

"நான் பாக்கவே இல்லையே!"

"புகார் வந்தா நம்ம மிஷின் முதல்ல திறந்து பாக்கும். சோதனைக்கு. அது... முழுசாப் பாத்திருக்கு."

அக்கா நாற்காலியைத் தேடினாள். இருந்த ஒரே நாற்காலியில் அவன் இருந்தான், எழத் தோன்றவில்லை அவனுக்கு. அவள் மேசை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பாத்துட்டு மிஷின் என்ன சொல்லுது?"

பூட்டுத் தம்பி மிஷினின் அறிக்கையை அப்போதுதான் முதல் தடவையாகத் திறந்து படித்தான். இந்த முறை குரல் எதுவும் போடவில்லை. "'ஆபத்து எதுவும் இல்லை.'"

"வேற?"

"அவ்வளவுதாங்க்கா." அடுத்த வரிக்குப் போனான். "அனுப்பினவங்களுக்குத் தானா ஒரு பதில் போகும். போயிருக்கு."

"என்னன்னு?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். 'உங்கள் செய்தி மோசடி எனக் கண்டறியப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளது. புகார் அளித்தவர்: பெறுநர்.'

கறுப்படித்த முகவரியைக் கேட்டாள். வெளியாள் விவரம் தரக் கூடாது என்று விதி இருக்கிறது என்று அவன் ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். "ஆபீஸ் மெயில்லேருந்து அனுப்பாதீங்கக்கா. இங்கேருந்து அதுக்கு எதுவும் போகாது. போன்லேருந்து அனுப்புங்க." வாசல் வரை வந்து, "அக்கா, நான்..." என்றான். அவள் நிற்கவில்லை. கோப்பை மேடை ஓரத்திலேயே கிடந்தது.

வீட்டில் வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரனின் வீடியோவில் இருந்தார். அக்கா அடுப்படிக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், முக்காலியில் உட்கார்ந்து போனில் அடித்தாள். 'கண்ணா, அம்மாடா. ஆபீஸ்ல தப்பு நடந்துபோச்சு. நீ அனுப்பினதை நான் படிக்கலை. அந்த வீடியோவை இன்னொரு தடவை அனுப்புடா.'

இத்தனை காலம் காத்திருந்த பதில் உடனே வந்துவிட்டது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

'நான் மோசடின்னு எங்கம்மாவே புகார் கொடுத்துட்டாங்க. இப்ப நீங்க யாரு? இது அவங்க முகவரி இல்லை. அவங்க நம்பர் எதுவும் வேலை செய்யலை.'

'உங்கப்பா நம்பரை மாத்திட்டார்டா. நான்தான்டா' என்று அடித்தாள். அடித்த பிறகுதான் பார்த்தாள். நான்தான். எல்லா எலியும் அப்படித்தான் சொல்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: 'எங்கம்மான்னா ஒண்ணு சொல்லுங்க. நான் கிளம்பின அன்னிக்கு அடுப்படி வாசல்ல நின்னு கடைசியா ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்?'

அக்காவுக்கு அந்த நாள் அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவன் போட்டிருந்த சட்டை, தோளில் பை, கதவு நிலையில் சாய்ந்து நின்ற கோணம். அவன் வாய் அசைந்ததும் தெரியும். சத்தம்தான் இல்லை. அவள் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை எடுப்பது எப்படி என்ற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனும் மகனும் காலையிலிருந்து போட்ட கூச்சல் காதில் விழ வேண்டாம் என்றுதான் மாட்டியிருந்தாள். கறை போகிற சமயம். கடைக்குப் போய் வருகிறேன் என்கிறான் என்று நினைத்தாள். நிமிர்ந்து, சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். வீடியோ முடிந்து, இயர்போனைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது.

என்ன கேட்டிருப்பான்? 'வரட்டுமா' என்று அடித்தாள். அழித்தாள். 'பணம் ஏதாவது இருக்கா' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். 'நீயும் வர்றியாம்மா' என்று அடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோசடிக்காரன் அனுப்புவதும் இப்படித்தான் இருக்கும், கேட்க நன்றாக இருப்பதைப் பொறுக்கி எடுத்து அனுப்புவான். அழித்தாள்.

'எனக்குக் கேக்கலைடா' என்று அடித்தாள். 'காதுல இயர்போன் இருந்துச்சு. ஏதோ வீடியோ பாத்துட்டு இருந்தேன்.'

அனுப்பிவிட்டாள்.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் போயிற்று.

'சரி. நீதான்' என்று வந்தது.

அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. 'போகட்டுமான்னு கேட்டேன். போகாதேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். தலையாட்டினே.'

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. அவள் அனுப்பியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. வீடியோவில் என்னடா சொன்னே என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

"அங்க போன்ல இவ்வளவு நேரமா என்ன பண்றே?" என்று நடுக்கூடத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லைங்க. நான்தானான்னு சரிபாத்தாங்க."

"ஜாக்கிரதை. கேள்வி கேப்பான். தப்பாச் சொன்னா மொத்தமாப் பூட்டிடுவான்."

"சரியாத்தான் சொன்னேன்."

"அப்ப என்ன சொல்றான்?"

"நான்தானாம்" என்றாள் அக்கா.